ஓட்டை எங்கே?

நீலகிரிக்குச் சென்று வந்தவர்களில் உதகை ஏரியில் படகு ஏறாதவர்கள் குறைவு. கோவை மாவட்டக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் அமைத்த செயற்கை ஏரி அது. இன்று அந்த ஏரியிலும் பைக்காரா நீர்த்தேக்கத்திலும் மோட்டார் படகுகள் ஓடுகின்றன.

பல கை மாறி வந்த பழைய மோட்டார் படகு ஒன்று மலை ஏரியில் இரவு முழுவதும் நிற்பதாகக் கொள்வோம். காலையில் அதன் அடித்தளத்தில் நீர் தேங்கியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? கடற்கரையில் இது எளிய கேள்வி. நீரை நாவில் வைத்துப் பார்த்தால் போதும். கரித்தால் கடல்நீர், கரிக்காவிட்டால் மழைநீர். மலையிலோ ஏரி நீரும் நன்னீர், மழை நீரும் நன்னீர். அங்கே நாக்கு பயன்படாது. வேறு வழி தேட வேண்டும். அந்த வழிகளை மனிதன் கற்ற வரலாறு சுவையானது.

கசிவோடு வாழ்ந்த படகு

துறைமுகம் இல்லாத அக்காலச் சென்னையில், கப்பலில் வந்தவர்களைக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆனால் தையல் துளைகள் வழியே நீர் புகும். அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கசிவு எங்கே என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. எங்கும் கசிவுதான்!

ஆணிகள் சொன்ன பாடம்

ஆணி அடித்த கப்பல்களின் கதை வேறு. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுக்க, பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகடுகளால் மூடியது. 1763-இல் அதைச் சோதித்தபோது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் கெடவில்லை. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் இடையே இருந்துவிட்டதே காரணம். உப்புநீரில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் மின்கலம் போல் இயங்கி, அவற்றில் ஒன்று அரிபடும் என்பது பிற்காலத்தில் விளங்கியது. இன்றும் பழைய படகில் சந்தேகிக்க வேண்டிய முதல் இடங்களில் ஒன்று, இரு உலோகங்கள் சந்திக்கும் ஆணியும் மரையும்தான்.

பழுது பார்க்கையில் மூழ்கிய கப்பல்

1782 ஆகஸ்டு 29. இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டிருந்த 100 பீரங்கிகள் கொண்ட ‘ராயல் ஜார்ஜ்’ கப்பலில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு குழாயைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. பீரங்கிகளை நகர்த்திக் கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்தனர். சாய்ந்த பக்கத்துப் பீரங்கி வாயில்களில் நீர் புகுந்தது. கப்பல் மூழ்கி 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உளுத்திருந்த மரமும் முறிந்திருக்க வேண்டும் என்று விசாரணை மன்றம் கருதியது. ஒரு பழுதை மட்டுமே பார்த்து மற்றவற்றை மறந்ததன் விலை அது.

நிறம் காட்டிய வழி

நீர் புகும் இடமும் தேங்கும் இடமும் ஒன்றல்ல. இதைப் பெரிய அளவில் காட்டியது டான்யூப் நதி. தென் ஜெர்மனியில் அதன் நீரில் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் மறைகிறது. 1877-இல் அங்கே ஃபுளோரசின் என்ற சாயத்தையும் டன் கணக்கில் உப்பையும் கலந்தனர். ஏறத்தாழ 60 மணி நேரத்துக்குப் பின், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆக் ஊற்றின் நீர் பச்சையாக ஒளிர்ந்தது, உப்பும் கரித்தது. மறைந்த நீரின் பாதை தெரிந்துவிட்டது.

மலை ஏரியில் சோதனை

இனி நம் படகுக்கு வருவோம். முதலில் உட்புறத்தை நன்கு துடைத்து உலர்த்தி, மழை விழாதபடி மூடி, எஞ்சினை நிறுத்தி, ஓர் இரவு மிதக்க விடவேண்டும். நீர் சேர்ந்தால் குற்றம் அடிப்பாகத்தில். சேராவிட்டால் மழையோ எஞ்சினோ காரணம்.

அடுத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்ட வேண்டும். அப்போது நீர் வந்தால் குளிர்நீர்க் குழாய்களையும், சுழல்தண்டு வெளியேறும் துளையையும் பார்க்க வேண்டும். பழைய முறையில் நார் அடைத்த துளையானால், தண்டு சுழலும்போது சொட்டுச் சொட்டாக நீர் வருவது குற்றமன்று. தண்டு சூடேறாமல் காப்பதே அந்தச் சொட்டுதான். வேகமாக ஓடும்போது மட்டும் நீர் வந்தால், நிற்கையில் நீருக்கு மேலே இருக்கும் விரிசலையோ பின்பலகை மரைகளையோ சந்தேகிக்கலாம்.

இறுதிச் சோதனை தரையில். படகைப் பல இடங்களில் தாங்கி நிறுத்தி, வெளிப்புறத்தைத் துடைத்து, உள்ளே சிறிதளவு சாயநீர் ஊற்றினால், உள்ளே புகுந்த வழியாகவே நீர் வெளியே வரும். நிறைய ஊற்றினால் பாரம் தாங்காமல் படகே பிளந்துவிடக்கூடும்.

நீரைக் கண்ட இடத்தில் பிசின் பூசுவது எளிது. ஆனால் ஏரியின் நடுவே படகில் இருப்பவர்களின் உயிர், ‘எங்கே நீர்?’ என்ற கேள்வியோடு ‘எப்போது வந்தது?’ என்ற கேள்வியையும் கேட்டவரிடம்தான் பத்திரமாக இருக்கிறது.