மூச்சும் மனமும்: திருமுக்கூடல் மருந்துப் பட்டியலும் அரியலூர்த் தூசியும்

ஆஸ்துமா மனத்தில் பிறக்கும் நோயா, மனத்தை அரிக்கும் நோயா? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதற்குப் பலர் ஏற்றுக்கொண்ட விடை ஃபிரான்ஸ் அலெக்சாண்டருடையது. சிகாகோ உளப்பகுப்பாய்வு நிறுவனத்தை 1932இல் தொடங்கியவர் அவர். தாமஸ் ஃபிரெஞ்சுடன் 1941இல் எழுதியதிலும், 1950இல் வந்த தம் நூலிலும், இழுப்பைத் தாயை நோக்கி எழாமல் அடக்கிய அழுகையாகவே வாசித்தார். உள்ளப் போராட்டத்தின் வழி வருவனவாக அவர் கருதிய ஏழு நோய்களில் ஆஸ்துமாவும் ஒன்று.

இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைப் பருவம் தொட்டு இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கியவர், பக்கத்தில் கண்விழித்திருந்த தாயைப் பிரிய அஞ்சுவதில் என்ன வியப்பு? அலெக்சாண்டர் விளைவைக் காரணமாக்கிவிட்டார். பழி தாயின் வளர்ப்பின்மீது விழுந்தது. நெஞ்சு இறுகித் தவித்தவருக்கு 'எல்லாம் மனசுதான்' என்ற பேச்சு மிஞ்சியது.

எதிர்ச்சான்றாக நான் எடுத்துக்கொள்வது வீரராசேந்திரன் காலத்து (1063–70) திருமுக்கூடல் கல்வெட்டு. கல் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதைப் பொறித்த அரசின் தலைநகரோ இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம். வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள இக்கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலைக்கு (மருத்துவமனைக்கு) மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொடுக்கும் பெண்கள் ஆகியோரை நியமித்து, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவற்றுள் வாசாஹரீதகி ஆடாதொடையும் கடுக்காயும் சேர்ந்தது. இருமலுக்கும் இரைப்புக்கும் ஆடாதொடையை நாடுவது இன்றும் உள்ள வழக்கம். அதே பட்டியலில் புராணகிருதம், அதாவது நாள்பட்ட பழைய நெய், இடம்பெறுகிறது. சரகம் என்ற பழைய ஆயுர்வேத நூலில், மனப்பிறழ்வைப் பேசும் உன்மாத அத்தியாயம் சிறப்பித்துச் சொல்லும் மருந்து அது.

எந்த மருந்து யாருக்கு என்று கல்வெட்டு சொல்லவில்லை. பழைய நெய்க்கு வேறு பயன்களும் உண்டு என்று மறுக்கலாம். ஆனாலும் மூச்சுக்கும் மனத்துக்கும் தனித்தனி மருந்துகளை ஒரே கூரையின்கீழ் இருப்பு வைத்த ஒரு மரபு, ஒன்றை மற்றொன்றின் வேடமாகப் பார்த்திருக்காது என்றே நினைக்கிறேன். சரகத்தின் சுவாச அத்தியாயம் இதற்குத் துணை நிற்கிறது: நோயைத் தூண்டுபவற்றில் தூசியையும் புகையையும் காற்றையும் எடுத்த எடுப்பிலேயே வைக்கிறது. மேகமூட்டத்திலும் குளிரிலும் கீழ்க்காற்றிலும் தமக சுவாசம் (ஆஸ்துமாவை ஒத்த இரைப்பு) முற்றும் என்றும், படுத்தால் தவிப்பவர் உட்கார்ந்தால் ஆறுதல் பெறுவார் என்றும் குறிக்கிறது. இந்த வரிகளுக்குக் காலம் குறிப்பது கடினம். சரகத்தின் சிகிச்சைப் பகுதியில் 17 அத்தியாயங்களைப் பிற்காலத்தில் நிரப்பியவர் திருடபலர். அவை எந்தப் பதினேழு என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

அலெக்சாண்டருக்குப் பின் கேள்வியே திசை மாறியது. எலிசபெத் ஜூனிபரும் உடனிருந்தோரும் 1992இல் வெளியிட்ட ஆஸ்துமா வாழ்க்கைத்தர வினாநிரல், நோய் எதனால் வந்தது என்று தோண்டாமல், அதனோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று கேட்டது. மொத்தம் 32 வினாக்கள். அறிகுறிக்கு 12, நடமாட்டத்துக்கு 11, உள்ளத்துக்கு 5, சூழலுக்கு 4. மருந்தும் மனத்தைத் தொடும் என்பது பின்னர் வலுப்பெற்றது. ஆஸ்துமாவுக்குத் தரும் மாண்டெலூகாஸ்ட் மாத்திரைக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் உச்சக்கட்ட எச்சரிக்கை விதித்தது மனநலப் பக்கவிளைவுகளுக்காகத்தான்.

ஜூனிபரின் வினாநிரலைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கொண்டுவந்தால் ஒரு சிக்கல். சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, கல் குவாரி, லாரி ஓடும் மண்சாலை, பருத்திக்காடு என்று தூசிக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. அரசின் சிமெண்ட் ஆலையே அரியலூரில் 1979 முதல் இயங்குகிறது. வினாநிரலோ சூழலைத் தனிக் கட்டத்தில் வைக்கிறது, தூசியிலிருந்து ஒதுங்கிவிட முடியும் என்பதுபோல. குவாரியில் கூலி வாங்குபவர் எங்கே ஒதுங்குவார்? மருந்து கையில் இல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் உள்ளத்துக்கான ஐந்து வினாக்களில் ஒன்று. வேலை முடிய இன்னும் நேரமிருக்க, பம்பில் மருந்து தீர்ந்துபோனவருக்கு அந்த அச்சம் தூசியிலிருந்தே கிளம்புகிறது. இரு கட்டங்களுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டால் இந்தத் தொடர்பு எந்தக் கட்டத்திலும் விழாது.