கொடிப்பட்டம்

வீதிவலம் வந்து, கோயில் திருவிழாவின் முதல் நாளில் கொடிமரத்தில் ஏறும் துணிக்கொடி கொடிப்பட்டம் எனப்படும். அந்தந்தத் தெய்வத்துக்குரிய உருவம் அதில் தீட்டப்பட்டிருக்கும். சிவன் கோயிலில் நந்தி, பெருமாள் கோயிலில் கருடன். திருச்செந்தூரில் கொடிப்பட்டம் யானைமேல் ஊர்வலம் வருகிறது. இராஜபாளையத்தை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் பிறந்த ஆடிப்பூரத்தை ஒட்டி நடக்கும் பெருவிழா கருடக்கொடி ஏறியதும் தொடங்குகிறது. ஒன்பதாம் நாள் தேரோட்டம்.

இந்த ஊரில் கருடனுக்குள்ள உறவு தனித்தன்மை கொண்டது. பெரும்பாலான தலங்களில் அவர் பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்பார். இங்கே கருவறையிலேயே, ஆண்டாள் ரெங்கமன்னாரோடு சேர்ந்து நிற்கிறார். ஆண்டாளின் மணமகனான ரெங்கமன்னாரை விரைந்து கொண்டுவந்து சேர்த்ததற்கு அவர் பெற்ற பேறு அது என்பது தலவரலாறு. ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரும் கருடனின் அம்சமாகவே போற்றப்படுகிறார். ஆகவே கொடியில் இருப்பவர் பெருமாளின் வாகனம் மட்டுமல்லர்; பெண்வீட்டாரும்கூட. ஐந்தாம் நாள் ஐந்து பெருமாள்கள் கருட வாகனங்களில் எழுந்தருளும் ஐந்து கருட சேவையை இந்த உறவோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அழகு முழுமையாகப் புரியும்.

கொடிக்கு எடுப்பது புதிய பருத்தித் துணி. நடுவில் சிறகு விரித்த கருடன்: வளைந்த மூக்கு, மார்பில் குவித்த கைகள், உடலெங்கும் அணிகலனாகப் பாம்புகள். சங்கு, சக்கரம், குடை, விளக்கு ஆகியவற்றையும் உடன் வரைவதுண்டு. வரைந்து முடித்த நிலையில் அது வெறும் ஓவியம்தான். கண்திறந்து, மந்திரங்களால் கருடனை எழுந்தருளச் செய்த பிறகே வழிபாட்டுக்குரியதாகிறது. தர்ப்பை சுற்றிய கொடிமரத்தில், மேளம் முழங்க, சுருண்ட துணி மெல்ல மேலேறி உச்சியில் விரியும். கீழே நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தேவர்களை விழாவுக்கு அழைக்கும் அழைப்பு அது. கொடி ஏறிவிட்டால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு தமிழகத்தின் பல ஊர்களில் இருக்கிறது.

திருப்பாவையின் 26ஆம் பாசுரத்தில், நோன்புக்கு வேண்டியவற்றைக் கண்ணனிடம் கேட்கும் ஆண்டாள் சங்கு, பறை, விளக்கு ஆகியவற்றோடு கொடியையும் விதானத்தையும் கேட்கிறாள். அந்த விதானத்தையும் தேரில் தொங்கும் துணிக்குழல்களான தொம்பைகளையும் துணியில் எழுதும் கலம்காரி மரபு அரியலூர் மாவட்டத்துக் கோடாலிக் கருப்பூரிலும் தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் வளர்ந்தது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்தால் கோடு இழுக்கும் கருப்பு கிடைக்கும். மூங்கில் குச்சியின் நுனியில் சுற்றிய துணி மையை உறிஞ்சிக்கொள்ளும். விரலால் அழுத்தி அதை இறக்கி வரைவார்கள். கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து, இழுத்த கோடு கண்ணெதிரே கறுக்கும். அதன்பின் அழிக்க வழியில்லை. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சுத்துணியும் ஃபிளெக்ஸும் விழா வீதிகளை நிறைத்துவிட்ட காலத்தில் இந்த ஓவியர்களின் கைகளுக்குக் கோயில்கள்தான் தொடர்ந்து வேலை கொடுக்க வேண்டும்.