தள்ளு-இழு கேபிள்
உறைக்குள் நகரும் எஃகுக் கம்பியால் தள்ளுவிசை, இழுவிசை இரண்டையும் கடத்தும் உறுப்பு. தூத்துக்குடி முத்துக்குளிப்பில் (கடைசியாக 1961) கயிறு இழுக்க மட்டுமே உதவியது; மூழ்கியவர் அசைத்ததும் படகிலிருந்தவர் மேலே தூக்கினார். விசைப்படகிலோ சுக்கானறையிலிருந்தே எஞ்சின் வேகத்தையும் கியரையும் மாற்றத் தள்ளவும் இழுக்கவும் வேண்டியிருப்பதால் இக்கேபிள் ஏற்றது.

தேர்வில் நீளத்தைவிட முக்கியம் வளைவு. வளைவுக் கோணங்களின் கூட்டுத்தொகை ஏற ஏற உராய்வு பெருகி, கைப்பிடியில் தரும் விசை மறுமுனைக்குக் குறைந்தே சேரும். படகுகளில் பரவலான 33சி வகைக்கு வளைவு ஆரம் சுமார் 200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தள்ளும்போது உறைக்கு வெளியே நீளும் கம்பி நெளியக்கூடும். எனவே தள்ளுசுமை வரம்பு இழுசுமையைவிடக் குறைவு. தூத்துக்குடிக் கடற்கரையின் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு முனைகளும் நீர்புகா அடைப்பும் கட்டாயம்; இவற்றில் சிக்கனம் பார்ப்பது நடுக்கடலில் உயிருக்கே ஆபத்து.