கண்ணா, செவியா? கற்கும் பாணிக் கொள்கையும் மாணவர் வேறுபாடும்

மாணவர் எல்லோரும் ஒன்றுபோலக் கற்பதில்லை என்பதை வகுப்பறையை அறிந்த எவரும் மறுக்கமாட்டார். அந்த உண்மையிலிருந்து கல்வியுலகம் கடந்த அரை நூற்றாண்டில் வேறொரு முடிவுக்குத் தாவிவிட்டது. சிலர் கண்ணால் கற்பவர், சிலர் செவியால் கற்பவர், சிலர் கையால் செய்து கற்பவர், அவரவர் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கற்றல் சிறக்கும் என்பது அம்முடிவு. நியூசிலாந்தின் நீல் பிளெமிங் உருவாக்கிய ‘வார்க்’ வினாத்தாள் இதை உலகெங்கும் பரப்பியது. பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்களிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதை நம்பினர். மாணவரிடையே வேறுபாடு மெய்யானது. ஆனால் அது புலன்களில் இல்லை. மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பதிலும், கேட்டதைக் கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதிலும்தான் அது இருக்கிறது.

இக்கொள்கையைச் சோதிக்கும் முறை எளிது. மாணவரைக் காட்சிப் பிரிவினர், செவிப் பிரிவினர் எனப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேருக்குப் படமாகவும் மீதிப்பேருக்குப் பேச்சாகவும் ஒரே பாடத்தைக் கற்பித்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். முதற்பிரிவினர் படத்திலும் அடுத்தவர் பேச்சிலும் முந்தினால் கொள்கை நிற்கும். எல்லோருமே படத்தில் முந்தினால், அந்தப் பாடத்துக்குப் படம் ஏற்றது என்பதற்கு மேல் எதுவும் மெய்ப்படவில்லை. ஹரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் இந்த அளவுகோலை முன்வைத்து முந்தைய ஆய்வுகளைத் துழாவியபோது, இவ்வாறு முறையாகச் சோதித்த ஆய்வுகளே அரிதாக இருந்தன. அவற்றிலும் சில கொள்கைக்கு எதிராகவே பேசின. 2015இல் ரொகோவ்ஸ்கி குழுவினர் ஒரு நூலின் பகுதிகளைச் சிலருக்கு ஒலிநூலாகவும் சிலருக்கு எழுத்தாகவும் தந்து, உடனேயும் இரு வாரம் கழித்தும் சோதித்தனர். அவர்களது விருப்பத்துக்கும் புரிதலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை.

அண்மைய சான்று இதைத் தளர்த்துகிறது என்று வாதிடலாம். 2024இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று பாணிக்கேற்ற கற்பித்தலில் சிறு ஆதாயம் இருப்பதாகக் கண்டது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் வழியில் முந்தவேண்டும் என்று மேலே சொன்ன அமைப்பு, அளவீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில்தான் தென்பட்டது. பரிந்துரைக்கத்தக்க அளவுக்கு அது வலுவானதல்ல என்று ஆய்வாளர்களே முடிவு கூறினர். ‘படம் காட்டியதும் பிள்ளை புரிந்துகொண்டானே’ என்னும் ஆசிரியர் அனுபவம் இதைவிட அழுத்தமான மறுப்பு. அவர் கண்டது பொய்யன்று. ஆனால் அங்கே படத்தைக் கேட்டது பிள்ளையின் பாணியா, பாடத்தின் தன்மையா? காவிரியின் கிளைகள் எங்கெங்கே பிரிகின்றன என்பதை வரைபடமின்றி எவருக்கும் விளக்குவது கடினம். லகர, ளகர, ழகர வேறுபாட்டையோ, எத்தனை படம் காட்டினாலும், காது கேட்டு நா பழகாமல் எந்தப் பிள்ளையும் பெறாது. ‘காட்சி வழிக் கற்பவன்’ என்று முத்திரை குத்தி ஒரு சிறுவனை உச்சரிப்புப் பயிற்சியிலிருந்து விலக்கினால், அவனுக்குச் சேரவேண்டிய பாடத்தையே பறித்துவிடுகிறோம். இந்தக் கொள்கையால் கேடில்லை என்போர் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

வினாத்தாள்கள் அளப்பது மாணவரின் விருப்பத்தை. தமக்கு எது பயன்தருகிறது என்று மாணவர் கருதுவதும் உண்மையில் பயன்தருவதும் வேறு வேறு. 2006இல் ரோடிகரும் கார்பிக்கேயும் நடத்திய சோதனையில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினர். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவிருந்தது. ஒருமுறை படித்தபின் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கு 61 விழுக்காடு.

கற்றதைக் கொண்டு மாணவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம் என்னும் இந்தக் கருத்துக்கு அருகில் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் எப்போதோ வந்துவிட்டார். 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகுக்கிறது. அவற்றுள் ஒன்றுகூடக் கண்ணையோ காதையோ குறித்ததன்று. அன்னம் பிரித்தெடுக்கிறது, பசு மேய்ந்ததை அசைபோடுகிறது, குடம் ஒழுகவிடுகிறது: பெற்றதைக் கொண்டு மாணாக்கர் செய்வதே பகுப்பின் அடிப்படை. ஆசிரியர் வாய்க்கேட்பால் கால்பங்கும், உடன்பயில்வோரோடு பழகுவதால் கால்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப்பங்கும் புலமை வரும் என்றும் அது கணக்கிடுகிறது. எடுத்துரைப்பது என்பதே நினைவிலிருந்து மீட்பதுதான். மாணாக்கரைத் தலை, இடை, கடை என நிலையாகத் தரம்பிரிக்கும் போக்கை மட்டும் நாம் ஏற்க இயலாது.

பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்ல் தருவதும் பாணிக்கேற்ற கற்பித்தல்தானே என்று கேட்கலாம். அன்று. அங்கே ஒரு வழி அடைபட்டிருக்கிறது, மறுவழி திறக்கப்படுகிறது. அது அந்தப் பிள்ளையின் உரிமை. வழிகள் எல்லாம் திறந்திருக்கும் பிள்ளைக்கு ஒன்றை மட்டும் ஒதுக்குவது இதற்கு நேர்மாறானது.

அப்படியானால் எதைப் பார்த்து வேறுபடுத்துவது? 2022இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. எழுத்தறியும் படியில் இருப்பவருக்கு ஒரு பணி, சரளமாக வாசிப்பவருக்கு வேறொரு பணி. நடைமுறையில் ஆசிரியருக்குச் சேரும் பதிவுச் சுமை பற்றிய குறை தனியே பேசத்தக்கது. ஆனால் பகுப்பின் அடிப்படை சரியானது. ‘அரும்பு’ என்று குறித்ததுமே அந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து இன்னும் பிடிபடவில்லை, அடுத்து எதைக் கற்பிப்பது என்ற கேள்விகள் எழுகின்றன. அடுத்த மதிப்பீட்டில் அவள் மொட்டுக்கு நகர்ந்திருக்கலாம். ‘செவி வழிக் கற்பவள்’ என்ற குறிப்பிலோ, அவளுக்கு இன்னும் எது தெரியவில்லை என்பதற்கு இடமே இல்லை.