வைட்டமின் டி மருந்து: வாரத்திற்கு ஒருமுறையா, நாள்தோறுமா?

வைட்டமின் டி குறைபாடு உள்ளவர்களுக்கு 60,000 அலகு (ஐ.யு.) கொண்ட மாத்திரை அல்லது பொடிப் பொட்டலம் பரிந்துரைக்கப்படுவதுண்டு. பெரும்பாலும் இதனை வாரத்திற்கு ஒருமுறை, மருத்துவர் குறிப்பிட்ட வாரங்கள் வரை மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொள்வதும், காலக்கெடு முடிந்த பின் தாமாகவே வாங்கித் தொடர்வதும் ஆபத்தானவை.

மிகுதியானால் என்ன நேரும்?

பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவை சுமார் 600 அலகு. அதாவது, ஒரு 60,000 அலகு மாத்திரை நூறு நாள் தேவைக்குச் சமம். வைட்டமின் சி நீரில் கரைவதால் அதன் மிகுதி பெருமளவு சிறுநீரில் வெளியேறுகிறது. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்குகிறது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து, சிறுநீரகங்கள் பாதிக்கப்படலாம். மருந்தை நிறுத்திய பின்னரும் இப்பாதிப்பு பல வாரங்கள் நீடிக்கக்கூடும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

• பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல்
• மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல்
• உடற்சோர்வு, மனக்குழப்பம்

இவை தோன்றினால் மருந்தை நிறுத்தி, உடனே மருத்துவரை அணுகவும். மருந்து உறையையும் எடுத்துச் செல்லவும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• மருந்து உட்கொள்ளும் கிழமையை நாட்காட்டியில் குறித்து வைக்கவும். முதியோருக்குப் பராமரிப்பாளரே எடுத்துக் கொடுப்பது நல்லது.
• சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலும் வைட்டமின் டி இருக்கலாம். உறையைப் படித்து, அனைத்தையும் மருத்துவரிடம் காட்டவும்.
• ஒரு வாரம் தவறினால், இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டாம்.
• குழந்தைகளுக்கான சொட்டு மருந்தை அதனுடன் தரப்படும் அளவுகோலால் மட்டுமே அளக்கவும்.
• சிறுநீரகக் கல், சிறுநீரக நோய், காசநோய் உள்ளவர்களும், டிகாக்சின் அல்லது நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்களும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

உணவும் வெயிலும்

மருந்து உணவுக்கு மாற்றாகாது. மத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களிலும், முட்டையின் மஞ்சள் கருவிலும் வைட்டமின் டி உள்ளது. வெயில் படும்போது தோலும் இதனை உற்பத்தி செய்கிறது. வெயிலால் இச்சத்து அளவு மீறுவதில்லை. எலும்புக்குத் தேவையான கால்சியத்தைப் பால், தயிர், கேழ்வரகு, கீரை ஆகியவற்றிலிருந்து பெறலாம்.