அம்பையிலிருந்து இரண்டு விமான நிலையங்கள்

விமான தூரத்தைக் கணக்கிடுவது எளிது. பூமியுருண்டையின் மேல் இரு புள்ளிகளை வைத்து அவற்றிடையே மிகக் குறுகிய வளைகோட்டை வரைந்தால் போதும். திருவனந்தபுரத்திற்கும் துபாய்க்கும் இடையே அக்கோடு ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். பயண நேரம் நான்கு மணியை ஒட்டியது. ஆனால் அம்பாசமுத்திரத்துக்காரரின் கணக்கு அங்கே தொடங்குவதில்லை.

அம்பையிலிருந்து மேற்கே திருவனந்தபுர விமான நிலையம் நேர்க்கோட்டில் 63 கிலோமீட்டர் அளவே. கிழக்கே வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையமும் அதே தூரந்தான். வரைபடத்தில் அம்பை நட்டநடுவே அமர்ந்திருக்கிறது. கிழக்குக் கோடு தாமிரபரணியின் சமவெளிமேல் செல்கிறது. சாலையும் பெரிதாக விலகுவதில்லை. மேற்குக் கோடோ 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்மலை முடியை உரசிக்கொண்டு போகிறது. குறுமுனி அமர்ந்த இடத்தில் சாலை போட யாரால் முடியும்? வடக்கே செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழி. இரண்டில் ஒன்றைச் சுற்றித்தான் ஆகவேண்டும்.

இப்பள்ளத்தாக்கின் வெளிவாசல் நெடுங்காலம் கிழக்கிலேயே இருந்தது. இலங்கைக்குப் போனவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது இந்தக் கொழும்புத் தடத்திற்காகவே. 1914இல் பாம்பன் பாலம் வந்தபின் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிக்கொண்டது. இதற்கிடையே மேற்கிலும் ஒரு கதவு திறந்தது. அம்பை வழியாகச் செங்கோட்டை சென்ற இருப்புப்பாதை மலையைக் குடைந்து 1904இல் கொல்லத்தோடு இணைந்தது. 1918இல் அங்கிருந்து திருவனந்தபுரத்துச் சாக்கை வரை நீண்டது. 1935இல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் டாடாவின் தபால் விமானம் பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே பறக்கத் தொடங்கியபோது, அந்த விமானத் திடல் சாக்கைக்குப் பக்கத்திலேயே அமைந்திருந்தது. என்றாலும் அம்பையிலிருந்து இரயிலில் அங்கே போக ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அதாவது நேர்க்கோட்டைப்போல் மும்மடங்கு. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்ட மலைப்பகுதி 2018இல்தான் முழுமையாகத் திறந்தது.

வளைகுடாவிற்கு ஆட்கள் புறப்படத் தொடங்கிய காலத்தில் மேற்கு வாசலே முதன்மை வாசலாயிற்று. 1991இல் திருவனந்தபுரம் பன்னாட்டு விமான நிலையமானது. களக்காடு, வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் என்று வாடகைக் கார்கள் இரவெல்லாம் ஓடின. சுமார் 150 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அரபிக்கடலைத் தாண்டும் நேரமும் ஒரு மலையைச் சுற்றும் நேரமும் ஒன்றாக இருந்தன! வழியனுப்பப் போன தாய்மாருக்குத் திரும்பி வரவும் அதே நான்கு மணி நேரம். அந்த நேரம் எந்தப் பயணச்சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை.

வாகைகுளம் 1992இல் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை 1,350 மீட்டர்தான். சிறு விமானங்களுக்கு மட்டுமே இடங்கொடுத்தது. சென்னைக்கு ஆகாயவழியில் ஏறத்தாழ 525 கிலோமீட்டர். அத்தடமே அதன் உயிர்நாடி. 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டபோது ஓடுபாதையின் நீளம் 3,115 மீட்டர். வளைகுடாவுக்கு நேர்விமானம் அன்று அங்கிருந்து இல்லை. ஆரல்வாய்மொழிச் சாலையில் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.