பட்டின் எடையும் சிப்பியின் எடையும்

தேவிகாபுரத்தில் கூலிக்கு நெய்யுறவங்களுக்கு ஒரு கணக்கு தெரியும். முதலாளி பட்டை நிறுத்துக் கொடுப்பார்; சேலையாகத் திரும்பி வரும்போது மறுபடி நிறுப்பார். ஐப்பசி மழையில் பட்டு ஈரம் குடித்துக் கனக்கும், சித்திரை வெயிலில் எடை குறையும். நூல் அதே நூல்தான், தராசுதான் வேற சொல்லும். மழையில் வாங்கி வெயிலில் கொடுத்தால் 'மிச்சப் பட்டு எங்கே?' என்ற கேள்வி நெய்தவர் தலையில் விழும்.

ஐரோப்பிய வணிகர்களுக்கும் இதே தகராறுதான். 1805இல் நெப்போலியன் ஆட்சியில், பட்டின் ஈரத்தைச் சோதித்து எடை சொல்ல லியோன் நகரில் ஒரு பொது நிலையமே வந்தது. பிற்பாடு, உலர்ந்த எடையோடு 11 சதவீத ஈரம் சேர்த்துக் கணக்கிடுவது வணிக வழக்கமானது.

பட்டுக்கும் கடல் சிப்பிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இரண்டுக்கும் சிக்கல் ஒன்றே: எடை மாறுகிற பொருளை வைத்து நியாயம் சொல்வது எப்படி?

1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் மீனும் சிப்பியும் தின்ற மக்களை ஒரு விநோத நோய் தாக்கியது தெரியவந்தது. காரணம், ஆலைக் கழிவில் இருந்த பாதரசம். கடலில் உலோகம் சேர்வதை முன்னாலேயே கண்டுபிடிக்க ஒரு காவலாள் தேவைப்பட்டது. 1975இல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பெர்க், பாறையில் ஒட்டி வாழும் சிப்பியை அந்த வேலைக்கு முன்மொழிந்தார். அது இடம் மாறாது. நீரை வடிகட்டித் தின்னும். உலோகத்தை உடம்பில் சேர்த்து வைக்கும்.

ஆனா காவலாளும் இளைப்பார், பெருப்பார். முட்டையையும் விந்தையும் கடலில் விட்டபின் சிப்பியின் சதை வற்றிவிடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 10 கிராம் சதையில் 12 மைக்ரோகிராம் காட்மியம் இருந்தால், கிலோவுக்கு 1.2 மில்லிகிராம். சதை 5 கிராமாக வற்றினால், உலோகம் ஒரு துளிகூட ஏறாமலே 2.4 ஆகிவிடும். கோடெக்ஸ் உணவுத்தர வரம்பு கிலோவுக்கு 2. ஒரே சிப்பி கொழுத்த மாசத்தில் தேறிவிடும், இளைத்த மாசத்தில் தோற்கும். தின்பவருக்கும் இது வெறும் கணக்கல்ல: அதே அளவு கறிக்கு இளைத்த சிப்பி இரண்டு மடங்கு வேண்டும்.

மழைக்காலம் இன்னொரு சிக்கல். நன்னீர் வந்து கழிமுகத்தில் உப்பு குறையும்போது காட்மியம் குளோரைடின் பிடியிலிருந்து விடுபடும். சிப்பிக்குள் சுலபமாக நுழையும்.

சரி, உலோகத்துக்குப் பதில் சிப்பியின் எதிர்வினையையே அளந்தால்? 1957இல் மார்கோஷஸ், வேலி இருவரும் குதிரைச் சிறுநீரகத்தில் காட்மியம் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். மெட்டாலோதயோனீன் என்று அதற்குப் பெயர். அதன் அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கந்தகம் உள்ள சிஸ்டீன். காட்மியம், செம்பு, துத்தநாகம், பாதரசம், ஏன், நம்ம ஜரிகையில் இருக்கும் வெள்ளியைக்கூட அந்தக் கந்தகம் கட்டிப்போடும். சிப்பியிலும் இவ்வகைப் புரதம் உண்டு. உலோகம் கூடினால் புரதமும் கூடும். ஆனால் வெப்பம், இரை, இனப்பெருக்கம் மாறினாலும் அதன் அளவு மாறும். ஆக, இந்த மணியும் மாசம் பார்த்துத்தான் அடிக்கிறது.

அடிக்காத நேரமும் உண்டு. எங்க பக்கத்துச் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, வயலூர் அருகே கடலுக்குப் போகிறது. பாலாற்றில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் குரோமியம் கலந்த கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. குரோமியத்துக்கு இந்தப் புரதம் அவ்வளவாக அசைந்து கொடுக்காது. புரதம் ஏறவில்லை என்பதால் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது.

எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் கலந்தது பற்றி 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பு சொன்னது. அங்கே கழிமுகத்தில் இறங்கிப் பிழைப்பவர்களுக்கு அளவீடு என்பது வயிற்றுப்பாடு. கொழுத்த மாசத்தில் ஒரே ஒரு தரம் அளந்தால் 'வரம்புக்குள்தான்' என்று முடித்துவிடலாம். இளைத்த மாசத்தில் அளந்தால், ஆலைத் தரப்பு 'இது பருவ மாற்றம்' என்று தப்பிக்கலாம். இரண்டுக்கும் இடம் கொடுக்காமலிருக்க ஒரே வழி: ஆண்டு முழுக்க, ஒரே அளவுச் சிப்பியை, மாசுபடாத ஒரு கழிமுகத்துச் சிப்பியோடு அதே மாசத்தில் ஒப்பிடுவது.

இனி சிப்பியில் இவ்வளவு உலோகம் என்று எங்கே படித்தாலும், எந்த மாசத்தில் எடுத்த சிப்பி என்று தேடுங்க. தராசு முன்னால் நிற்கும் நெசவாளி கேட்பதும் அதைத்தானே.